வீடு வரையும் பரிணாமம்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு)

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள் பெரியோர். இரண்டிலும் ஒரே தொல்லைதான். ஒன்றை நினைத்துத் தொடங்கினால் ஒன்பது வந்து நிற்கும். வெளிச்சம் வேண்டுமென்று பெரிய ஜன்னல் வைத்தால் வெயிலும் கூடவே வந்துவிடுகிறது. வெயில் வேண்டாமென்று ஜன்னலைச் சிறிதாக்கினால் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. கூரையை உயர்த்தினால் அறை குளிர்கிறது, செலவும் உயர்கிறது. தலைக்கு இழுத்தால் காலுக்குப் போதாத சிறு போர்வையைப் போன்றது கட்டட வேலை.

இந்த இழுபறியில் கட்டடக் கலைஞர்களுக்கு இன்று ஒரு புதிய துணை கிடைத்திருக்கிறது. அதுதான் கணிப்பொறி. கணிப்பொறி படம் வரைவது புதுமையன்று. உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வளர்ந்த விதத்தைப் பின்பற்றி, கட்டடப் படங்களையும் அது தலைமுறை தலைமுறையாக 'வளர்க்கிறது' என்பதே புதுமை. இதற்குப் 'பரிணாம அல்காரிதம்' என்று பெயர். அல்காரிதம் என்றதும் அஞ்ச வேண்டாம், தோழிகளே! ரசம் வைக்கும் முறையை அம்மா படிப்படியாகச் சொல்லித் தருகிறார்களே, அதுவும் ஓர் அல்காரிதம்தான். இன்ன வேலையை இன்ன வரிசையில் செய் என்று தவறாமல் சொல்வதே அல்காரிதம்.

பட்டாணிச் செடியிலிருந்து கணிப்பொறி வரை

பத்தாம் வகுப்பு அறிவியலில் மரபியலும் பரிணாமமும் அடுத்தடுத்து வருகின்றன. பரீட்சைக்காகப் படித்து மறந்துவிடும் அந்த இரண்டு பாடங்களும் சேர்ந்துதான் இந்தக் கருவிக்கு அடிப்படையாயின.

கிரிகர் மெண்டல் ஒரு துறவி. தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கலப்புச் செய்து, பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்குத் தனித்தனி அலகுகளாகச் செல்கின்றன என்று கண்டார். அவருடைய கட்டுரை 1866ஆம் ஆண்டு வெளிவந்தது. உலகம் அதன் அருமையை உணர்ந்தது 1900ஆம் ஆண்டில். அதற்குள் அவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. சார்லஸ் டார்வினோ 1859ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், சூழலுக்குப் பொருந்திய உயிர்களே பிழைத்துப் பெருகுகின்றன என்ற இயற்கைத் தேர்வுக் கொள்கையை விளக்கினார்.

பிற்காலத்தில் பொறியியல் அறிஞர்கள் சிலர், "இயற்கை அன்னைக்குப் பலித்த வழி நமக்கும் பலிக்காதா?" என்று எண்ணினர். ஜெர்மனியில் இங்கோ ரெகென்பெர்க் 1960களில் காற்றின் தடையைக் குறைக்கும் வடிவங்களை இவ்வழியில் தேடினார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹாலந்து 1975ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இம்முறைக்கு உறுதியான அடித்தளம் அமைத்தார். லண்டனில் கட்டடக்கலை கற்பித்த ஜான் ஃபிரேசர், கட்டடங்களையும் இப்படி வளர்க்கலாம் என்று 1995ஆம் ஆண்டு ஒரு நூலே எழுதினார்.

ஒரு வகுப்பறையின் பரிணாமம்

இனி, இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வண்டலூரில் ஒரு வகுப்பறை கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு செய்திகளை முடிவு செய்ய வேண்டும். ஜன்னல் சுவர் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும்? ஜன்னலின் அகலம் என்ன? சன்ஷேடு எவ்வளவு நீள வேண்டும்? மேலே எத்தனை வென்டிலேட்டர்? கூரை எவ்வளவு உயரம்? வராந்தா எவ்வளவு அகலம்? ஒவ்வொன்றுக்கும் நான்கு வாய்ப்புகள் என்றால், மொத்தம் 4,096 விதமான அறைகளைக் கட்டலாம்.

முடிவுகள் பத்தாக உயர்ந்தால் 10,48,576 விதங்கள். நிமிடத்துக்கு ஒன்றாக, உண்ணாமல் உறங்காமல் சோதித்தாலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். இருபது முடிவுகள் என்றால் ஒரு லட்சம் கோடிக்கும் மேல்! கணிப்பொறிகூட எல்லாவற்றையும் சோதித்து முடிக்க இயலாது. ஆகவேதான் வளர்த்துத் தேட வேண்டியிருக்கிறது.

ஒவ்வோர் அறையையும் ஆறு எண்களால் எழுதுவோம். முதல் எண் திசை: 1 கிழக்கு, 2 மேற்கு, 3 தெற்கு, 4 வடக்கு. மற்ற ஐந்திலும் 1 என்றால் மிகக் குறைவு, 4 என்றால் மிக அதிகம். இந்த எண் வரிசைதான் அறையின் மரபணு.

முதலில் குருட்டாம்போக்கில் சில அறைகளை உண்டாக்க வேண்டும். அவற்றில் ஓர் அறை 4 3 3 1 1 1 என்று வந்திருக்கிறது. வடக்கு நோக்கிய அகலமான ஜன்னல்; நல்ல வெளிச்சம். ஆனால் வென்டிலேட்டர் குறைவு, கூரை தாழ்வு, வராந்தா குறுகல். உள்ளே புழுக்கம். மற்றோர் அறை 2 1 2 4 3 3. காற்று நன்றாக உலவுகிறது. ஆனால் மேற்கு நோக்கிய குறுகிய ஜன்னல். இருட்டறை, போதாததற்கு மாலை வெயில் வேறு.

இவ்விரண்டையும் பெற்றோராக்கி, எண் வரிசையை நடுவில் வெட்டி மாற்றி ஒட்டினால் இரண்டு பிள்ளைகள் பிறக்கும். ஒன்று 4 3 3 4 3 3. இதில் வெளிச்சமும் உண்டு, காற்றும் உண்டு. மற்றொன்று 2 1 2 1 1 1. இதில் இரண்டும் இல்லை. முன்னது அடுத்த தலைமுறைக்குச் செல்லும். பின்னது அத்துடன் நின்றுவிடும். இடையிடையே ஏதேனும் ஓர் எண்ணைத் தற்செயலாக மாற்றிவிடவும் வேண்டும். சன்ஷேடு 3 என்பது 4 ஆகலாம். இதுவே திடீர் மாற்றம். இது இல்லாவிட்டால் பெற்றோரிடம் உள்ள எண்களே மாறி மாறிச் சேருமேயன்றி, அவர்களிடம் இல்லாத புதிய எண் எதுவும் தோன்றாது.

மதிப்பிடுதல், தேர்ந்தெடுத்தல், கலத்தல், சிறிது மாற்றுதல், மறுபடி மதிப்பிடுதல்! இப்படி நூறு தலைமுறைகளைக் கணிப்பொறி சலிக்காமல் நடத்தும். டேவிட் ரட்டன் என்பவர் கட்டடக் கலைஞர்களுக்காக ஆக்கிய இத்தகைய மென்பொருள் ஒன்றின் பெயர் 'கலாபகஸ்'. டார்வின் 1835ஆம் ஆண்டு சென்று கண்ட தீவுக் கூட்டத்தின் பெயரே அது!

வண்டலூர்ச் சூரியன்

மதிப்பிடுதல் என்றோமே, அதற்கு ஊரின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும். குளிர்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வண்டலூரில் ஜன்னல் வைத்தால் வினைதான்.

வண்டலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்கிறது. ஜூன் 21ஆம் நாள் அது உச்சியிலிருந்து சுமார் 10 பாகை வடக்கே தெரியும். டிசம்பரில் சுமார் 36 பாகை தெற்கே இறங்கிவிடும்.

வடக்கிலும் தெற்கிலும் சூரியன் உயரத்தில் நிற்பதால், நண்பகல் வெயிலை அளவான சன்ஷேடு ஒன்று தடுத்துவிடும். கிழக்கிலும் மேற்கிலுமோ காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக அடிக்கிறது. சன்ஷேடு எத்தனை நீண்டாலும் அதன் அடியால் புகுந்து பெஞ்சுவரை வந்துவிடும். மேற்குப் பார்த்த வகுப்பில் கடைசிப் பீரியட் உட்கார்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை! இத்தகைய கணக்குகளையெல்லாம் கணிப்பொறிக்குக் கொடுத்தால்தான் அது போடும் மதிப்பெண் நம் ஊருக்குப் பொருந்தும்.

முதல் மதிப்பெண் யாருக்கு?

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஒருத்தி கணிதத்தில் 95, தமிழில் 80 வாங்குகிறாள். மற்றொருத்தி கணிதத்தில் 80, தமிழில் 95. மூன்றாமவள் இரண்டிலும் 75. மூன்றாமவளை முந்திய இருவரும் இரண்டு பாடத்திலும் வென்றுவிட்டார்கள். ஆனால் முந்திய இருவருக்குள் யார் மேல்? கூட்டுத்தொகை சமம். கணித ஆசிரியை ஒன்று சொல்வார். தமிழாசிரியை வேறொன்று சொல்வார்.

கட்டடத்திலும் அப்படியே. வெளிச்சத்தில் சிறந்தது ஒன்று, குளிர்ச்சியில் சிறந்தது ஒன்று, சிக்கனத்தில் சிறந்தது வேறொன்று. எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கூட்டுவது நியாயமாகாது. இதற்கு நல்வழி கண்டவர் நம் நாட்டவர் என்பது நமக்குப் பெருமை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த கல்யாண்மய் டெப், தம் குழுவினரான அம்ரித் பிரதாப், சமீர் அகர்வால், மெய்யறிவன் ஆகியோருடன் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட முறை 'என்.எஸ்.ஜி.ஏ.-2' எனப்படுகிறது. மெய்யறிவன் என்ற அந்தத் தமிழ்ப் பெயரைக் கண்டதும் எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது!

அம்முறையின் சாரம் இதுதான். எதனாலும் முழுமையாக வெல்லப்படாத படங்களையெல்லாம் முதல் வரிசையில் நிறுத்து. அவற்றால் மட்டுமே வெல்லப்பட்டவற்றை இரண்டாம் வரிசையில் நிறுத்து. ஒரே வரிசையில் இருப்பவற்றுள், கூட்டத்தோடு கூட்டமாக நிற்பதைவிடத் தனித்து நிற்பதற்கு முன்னுரிமை கொடு. அப்போதுதான் கடைசியில் ஒன்றைப் போலவே இருக்கும் பத்துப் படங்கள் வராமல், வகை வகையான பத்துப் படங்கள் வரும். கட்டடங்களை ஆராய்வோர் இன்று பெரிதும் பயன்படுத்தும் முறைகளில் இதுவும் ஒன்று. இதற்குப் பிறகு முடிவு செய்ய வேண்டியவர் மனிதரே. கணிப்பொறி தட்டில் பலவற்றை வைத்து நீட்டும். எடுப்பது நம் கை.

எதிர்பாராத வடிவங்கள்

"இதில் கற்பனைக்கு என்ன இடம்? எல்லாம் கணக்குத்தானே?" என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாசா நிறுவனம் எஸ்.டி.-5 என்ற சிறு செயற்கைக்கோள்களை விண்ணில் செலுத்தியது. அவற்றிலிருந்த ஆன்டெனா ஒன்று இவ்வாறு 'வளர்க்கப்பட்டது'. பார்ப்பதற்குக் குழந்தை கையில் அகப்பட்டு வளைந்த காகிதக் கிளிப்பைப் போலிருக்கும். எந்தப் பொறியாளரும் அப்படி வரையத் துணியமாட்டார். ஆனால் அது நன்றாக வேலை செய்தது.

பழக்கத்தினால் நம் கை ஒரே கோலத்தைத்தான் போடும். பரிணாம முறைக்குப் பழக்கம் கிடையாது. ஆகவே நாம் எண்ணாத புள்ளிகளிலும் கோடு இழுக்கும். அதைக் கண்டு, "இப்படியும் செய்யலாமே!" என்று கலைஞருக்கு ஒரு பொறி தட்டுகிறது. பத்துப் படங்களில் ஒன்பதைக் கசக்கிப் போட்டாலும், பத்தாவது ஒரு புதுவழி காட்டலாம். கற்பனையை அது பறிப்பதில்லை, தூண்டிவிடுகிறது.

கனடாவின் டொரொண்டோ நகரில், ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் அலுவலகம் 2017ஆம் ஆண்டு இம்முறையில் வடிவமைக்கப்பட்டது. நியூயார்க்கின் டேவிட் பெஞ்சமினும் அவருடைய 'தி லிவிங்' குழுவினரும் அதனைச் செய்தனர். முதலில் அங்கே வேலை செய்வோரிடம் அவரவர் விருப்பத்தைக் கேட்டறிந்தனர். பிறகு ஆறு குறிக்கோள்களை வகுத்தனர். யார் அருகில் யார் இருக்க வேண்டும், எத்தகைய இடத்தில் வேலை செய்யப் பிடிக்கும், கவனம் சிதறாமை, ஒருவரையொருவர் சந்திக்கும் வாய்ப்பு, பகல் வெளிச்சம், வெளியே தெரியும் காட்சி ஆகியன அவை. கணிப்பொறி ஏறத்தாழ 10,000 படங்களை ஆக்கி மதிப்பிட்டது. அவற்றிலிருந்து மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் திருத்தி முடித்தனர்.

கேட்காதது கிடைக்காது

இம்முறையின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. 'வெப்பம் குறைய வேண்டும், செலவு குறைய வேண்டும்' என்று மட்டும் சொன்னால், கணிப்பொறி ஜன்னலே இல்லாத அறையைப் பெருமையுடன் கொண்டுவந்து நிறுத்தும். அதன்மேல் குற்றமில்லை. பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரிய வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே! எண்ணிச் சொன்னது வளரும். சொல்லாமல் விட்டது தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்து மறையும்.

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. அங்கே ஒரு வீட்டை வடிவமைக்கும்போது வெள்ளத்தைப் பற்றிக் கணிப்பொறிக்குச் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? அடித்தளத்தின் உயரம் வீண் செலவு என்று எண்ணி, ஒவ்வொரு தலைமுறையிலும் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வரும். முடிவில் மிக மலிவான, மிக அழகான, மழைக்காலத்தில் மூழ்கிப் போகும் வீடு கிடைக்கும்.

எங்கள் வகுப்பில் மதிய இடைவேளைகளில் இதை ஒரு விளையாட்டாகவே ஆடிப் பார்த்தோம். பன்னிரண்டு சீட்டுகளில் ஆறு ஆறு எண்களை எழுதினோம். ஒருத்தி வெளிச்சத்துக்கும், ஒருத்தி காற்றுக்கும், ஒருத்தி செலவுக்கும் மதிப்பெண் போட்டார்கள். மூன்றாம் தலைமுறைக்குள்ளேயே மேற்கு ஜன்னல்கள் எல்லாம் அழிந்துபோயின. வடக்கு, தெற்கு அறைகள் இரண்டும் கடைசிவரை மல்லுக்கட்டின. செலவுக்காரி ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்கவில்லை!

ஆட்டத்தை வேடிக்கை பார்த்த ஆயாம்மாவிடம், "உங்களுக்கு எந்த ரூம் பிடிச்சிருக்கு ஆயாம்மா?" என்று கேட்டோம். "எந்த ரூமா இருந்தா என்ன கண்ணு? மழையில சாரல் உள்ள வராம இருக்கணும். வந்தா பெஞ்சைத் தள்ளித் தள்ளித் துடைக்கிறது யாரு?" என்றார் அவர். அன்றிலிருந்து எங்கள் சீட்டுகளில் ஏழாவது எண் ஒன்று சேர்ந்தது: வராந்தாக் கூரையின் சரிவு. மதிப்பெண் போட நான்காவதாக ஒருவரும் சேர்ந்தார். அவர் ஆயாம்மாவேதான். அதன் பிறகு பிறந்த அறைகளின் முகமே மாறிப்போயிற்று. அகலமான, நன்றாகச் சரிந்த வராந்தாக்கள் ஒவ்வொரு சீட்டிலும் வெற்றிநடை போட்டன. செலவுக்காரி முணுமுணுத்தபடியே ஒப்புக்கொண்டாள்.

கட்டடத்தில் வாழப்போகிறவரைக் கேட்பது கணிப்பொறிக் காலத்துப் புதுமையன்று. இலங்கையின் மின்னெட் டி சில்வா, பிரிட்டிஷ் அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் 1948ஆம் ஆண்டு உறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1950களில் கண்டியை அடுத்த வட்டபுலுவவில் அரசு ஊழியர்களுக்கான குடியிருப்பை அமைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அவர் முதலில் வினாத்தாள் தயாரித்து, குடிவரப்போகும் குடும்பங்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன விரும்புகிறார்கள் என்று கேட்டார். அந்த விடைகளைக் கொண்டே வீட்டு வகைகளை அமைத்தார். கணிப்பொறி இல்லாமலே அவர் செய்ததுதான், கணிப்பொறி வந்த பின்னும் முதல் வேலையாக இருக்கிறது.

நம் பாட்டிமார் வாழ்ந்த வீடுகளையும் எண்ணிப் பாருங்கள். திண்ணை, தாழ்வாரம், முற்றம், நாட்டு ஓடு. இவற்றை ஒருவரே ஒரே நாளில் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. நன்றாயிருந்ததை அடுத்த வீட்டார் பின்பற்றினர், ஒழுகியதைக் கைவிட்டனர். கொத்தனார் ஒருவர் ஊருக்கு ஏற்பச் சிறிது மாற்றினார். அதுவும் ஒருவகைத் தேர்வும் மாற்றமும்தான். அதற்குப் பல தலைமுறைகள் பிடித்தன. கணிப்பொறி அதையே ஓர் இரவில் நடத்திக் காட்டுகிறது. ஆனால் அந்தக் கொத்தனார் அந்த ஊரில் வாழ்ந்தார், மழையில் நனைந்தார், ஒழுகும் வீட்டாரிடம் வசவும் வாங்கினார். கணிப்பொறி நனைவதில்லை. அதற்காக நனைந்தவர்களிடம் கேட்டுச் சொல்ல வேண்டியது நம் கடமை.

நாம் செய்யக்கூடியது

கட்டடக்கலை கற்க விரும்பும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. பி.ஆர்க். என்பது ஐந்தாண்டுப் படிப்பு. பிளஸ் டூவில் கணிதம் எடுத்திருக்க வேண்டும். 'நாட்டா' முதலிய நுழைவுத் தேர்வுகள் உண்டு. தொலைதூரம் போக வேண்டியதில்லை. வண்டலூர் கிரசென்ட் கல்வி நிறுவனத்திலேயே கட்டடக்கலைத் துறை இருக்கிறது. படம் வரையும் கையும், கணக்கில் அஞ்சாத மனமும் இருந்தால் போதும். பெற்றோர்களே, 'பெண் பிள்ளைக்குக் கட்டட வேலை எதற்கு?' என்று கேட்டுவிடாதீர்கள். வீட்டில் எந்த இடம் வேகிறது, எந்த மூலை இருட்டு, எந்தப் படி வழுக்குகிறது என்று அன்றாடம் அறிந்தவர்கள் பெண்கள்தாம். அவர்கள் அறிந்தது வரைபடத்தில் ஏற வேண்டாமா?

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டை ஏழெட்டு எண்களாக எழுதிப் பாருங்கள். பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். அடுப்படியில் நிற்கும் அம்மாவை முதலில் கேளுங்கள். முழங்கால் வலியுள்ள தாத்தாவை, தவழும் தம்பியை மறவாதீர்கள். தம்பிக்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது. அவனுக்காக யாராவது போடத்தான் வேண்டும். எத்தனை வேறுபட்ட விடைகள் வருகின்றன என்று கண்டு வியப்பீர்கள்!

இயற்கை தந்த பாடத்தைக் கணிப்பொறி நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டது. எது நல்ல வீடு என்ற பாடத்தை அதற்கு நாம்தான் கற்பிக்க வேண்டும். யாரையும் விட்டுவிடாமல் கேட்டுக் கற்பிப்போமாக!